ஜெயராணியக்கா கழுவிய குழாய்

எங்கள் ஆய்வுகூடத்தைப் பற்றி ஒரு தடவை பத்திரிகையில் எழுதினார்கள். ஆய்வை நடத்தும் டொக்டர் நதாவின் படம் பெரிதாக வந்தது. அவருக்குப் பின்னால் என் முகம் அரைவாசி தெரிந்தது. அன்று அந்த அறையில் மூன்றாவதாகவும் ஒருவர் நின்றார். படம் பிடிக்க வந்தவர் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், அவரும் கழுவிய குடுவையைக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றார். எனக்கு அன்றே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயை மூட வேண்டிய இடத்தில் திறப்பதும் திறக்க வேண்டிய இடத்தில் மூடுவதும் எனக்குக் கூடப் பிறந்த குணம்.

தள்ளி நின்றவர் ஜெயராணி. வயது நாற்பத்தாறு. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு தென்னகும்புரவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு உதவியாளராக வந்தார். கண்ணாடிச் சாமான் கழுவுவது, குழாய்களுக்கு இலக்கம் எழுதுவது, சுழற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காவல் இருப்பது எல்லாம் அவர் வேலை. நான் றிஸானா, மடவளைக்காரி. அங்கே ஆய்வு உதவியாளர். ஜெயராணியக்காவின் அக்கா மூக்காயி எப்படிச் செத்துப்போனார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஜெயராணியக்கா கழுவினால் அது கழுவல். மற்றவர்கள் மூன்று தண்ணீரில் அலசுவதை அவர் ஐந்து தண்ணீரில் அலசுவார். குடுவையை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் திரும்பவும் தொட்டிக்குப் போகும். லயத்துப் பிள்ளைகள் அழுக்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை அவர் முப்பத்தைந்து வருடமாக மறக்கவில்லை. இதை அவரே ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு வாயோடு நின்றது.

நாங்கள் என்ன ஆராய்ந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு உயிர்க்கலமும் மிகச் சிறிய குமிழ்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. இரத்தத்திலும் சிறுநீரிலும் எச்சிலிலும் அவை கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒரு கலம் இன்னொரு கலத்துக்கு அனுப்பிவிடும் பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க் கலமும் அனுப்பும், நிறையவே அனுப்பும். அந்தக் குமிழின் மேற்பரப்பில் புரதங்கள் இருக்கின்றன. சில குமிழின் தோலிலேயே பதிந்தவை. வேறு சில, குமிழ் மிதந்து போகிற வழியில் வந்து மேலே ஒட்டிக்கொள்பவை. இப்படி ஒட்டிக்கொண்டு குமிழைச் சுற்றி நிற்கும் உறைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கொரோனா. கிரீடம் என்ற அர்த்தத்தில் வைத்தார்கள். நோய்க்கும் அந்தப் பெயர் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெயராணியக்கா வேலைக்கு வந்த முதல் வாரம் டொக்டர் நதா ஒரு தட்டுக் குழாய்களைக் காட்டி, இதில் எல்லாவற்றிலும் கொரோனா இருக்கிறது என்று சொன்னார். ஜெயராணியக்கா தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். வெளியே போனார். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அதற்கு முந்திய வருடம்தான் அவர்கள் லயத்தை இரண்டு கிழமை கயிறு கட்டி அடைத்து வைத்திருந்தார்களாம். எனக்கும் நதாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு நதா அவரை உட்கார வைத்துப் படம் கீறி விளக்கினார். யாழ்ப்பாணத்தார் விளக்கத் தொடங்கினால் முடிவது இலேசில் இல்லை. ஜெயராணியக்கா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னார்.

"அப்ப இது படங்கு மாதிரிதானே மிஸ்."

படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சாக்கு. தேயிலைச் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்கக் கட்டுவார்கள். பின்னேரம் நிறுவைக்கு வரும்போது கங்காணி முகத்தைப் பார்க்கவே தேவையில்லை, படங்கைப் பார்த்தே இவள் மேல் மலையில் பறித்தவள், இவள் ஆற்றோரம் பறித்தவள் என்று சொல்லிவிடுவார் என்று ஜெயராணியக்கா விளக்கினார். மேல் மலையில் செம்மண், ஆற்றோரத்தில் கறுத்த சேறு. ஆள் போன வழியெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். நதா பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் கொரோனாவுக்குப் பெயர் படங்குதான்.

ஆனால் அந்த நாட்களில் படங்கை நாங்கள் குப்பையாகத்தான் நினைத்தோம். நாங்கள் மட்டும் இல்லை, இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். குமிழுக்குள் இருப்பதுதான் சரக்கு, மேலே ஒட்டியிருப்பது எச்சிலில் இருந்து வந்த அழுக்கு. அதனால் குமிழ்களை வேகமாகச் சுழற்றி அடியில் படிய வைத்து, சுத்தமான கரைசல் ஊற்றிக் கழுவி, திரும்பவும் சுழற்றுவோம். முறைப்படி இரண்டு தடவை கழுவ வேண்டும். ஊத்தை எல்லாம் போக வேணும், குமிழ் மட்டும் மிஞ்ச வேணும் என்பது நதாவின் வழக்கமான பேச்சு. இப்படி ஒரு பேச்சை ஜெயராணியக்காவிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கென்றே செய்த வேலை மாதிரி ஆகிவிட்டது. குழாய் கழுவும் வேலை முழுதும் அவர் கைக்குப் போனது.

எங்கள் ஆய்வு வாய்ப்புற்றுநோய் பற்றியது. வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களின் எச்சிலை வாங்கி, அதில் இருக்கும் குமிழ்களைப் பார்த்து, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினோம். குறிப்பாக ஒரு புரதத்தைத் தேடினோம். நோயாளிகள் சிலர், நோயில்லாதவர்கள் சிலர் என்று எச்சில் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியல் நதாவிடம் இருக்கும், அளவெடுக்கும் எனக்குப் பெயர் தெரியாது, குழாயில் இலக்கம் மட்டும் இருக்கும். ஒவ்வொருவரின் எச்சிலையும் இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியைக் கழுவிப் பார்ப்போம், மற்றப் பாதி மைனஸ் எண்பது பாகை குளிர்பெட்டிக்குள் போகும்.

ஜெயராணியக்காவின் அக்கா மூக்காயிக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. பதினாறு வயதில் கூடை தூக்கியவர். தங்கச்சி சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தது அக்கா மலையேறியதால்தான். கொழுந்து பறிக்கும்போது வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் கை ஓடாது என்பது அவர் கட்சி. கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு காலை ஏழரைக்கு மலைக்குப் போனால் பன்னிரண்டு மணி வரைக்கும் அது அங்கேயே இருக்கும். இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆரம்பத்தில் அவருடைய கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. தோட்டத்து வைத்திய உதவியாளர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உடனே கண்டிக்குப் போய் வாய்க் கிளினிக்கில் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்.

மூக்காயி அந்தக் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். கிளினிக்குக்குப் போனால் கன்னத்துச் சதையை வெட்டி எடுத்துப் பார்ப்பார்கள் என்று பக்கத்து லயத்தில் சொல்லியிருந்தார்கள். கத்தி வைத்தால் நோய் கிளம்பிப் பரவும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஜெயராணியக்கா ஒன்றுவிட்ட சனிக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் கெஞ்சினார், சண்டை பிடித்தார், ஒரு தடவை சாப்பிடாமலும் வந்தார். கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னார். நீ வேலை செய்கிற இடத்தில் எச்சிலைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய், என்னுடையதையும் கொண்டுபோய்ப் பார், இருக்கிறது என்று நீ சொன்னால் அன்றைக்கே கிளினிக்குக்கு வருகிறேன், இல்லை என்று சொன்னால் என்னை விட்டுவிடு என்றார். வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார், தங்கச்சி சொன்னால் கேட்பார். மூக்காயி பிழைப்பதும் பிழைக்காததும் இப்படி எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அது தெரியாது.

எங்களுடையது ஆய்வு, பரிசோதனை நிலையம் இல்லை. அதை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஜெயராணியக்காவிடம் இதை யாராவது உட்கார்ந்து சொன்னோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். படங்கு பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். இதைச் சொல்லவில்லை.

அந்த மாதம் நாற்பத்தோராம் இலக்கத்துக்குரிய ஆள் வரவில்லை. பெயர்ப் பட்டியலில் நதா 'வரவில்லை' என்று எழுதிவிட்டு என்னிடம் சொல்ல மறந்துபோனார். இலக்கம் எழுதிய குழாய் வெறுமையாக இருந்தது. ஜெயராணியக்கா அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். தங்கச்சியின் மிஸ்மார் பார்க்கப் போகிற எச்சில் என்று மூக்காயி விடியற்காலையில் எழும்பி, உப்பும் கரியும் போட்டு வாயைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறார். எவ்வளவு தேய்த்தும் முப்பத்தாறு வருட வெற்றிலை போய்விடுமா? எச்சில் இளஞ்சிவப்பாகத்தான் வந்தது. ஜெயராணியக்கா அதை ஐஸ் போட்ட டப்பாவுக்குள் வைத்து, முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் குளிர்பெட்டியில் வைத்தார். மற்றதைச் சுழற்றினார். அடியில் படிந்தது சிவப்பாக இருந்தது. இரண்டு தடவை கழுவினார், அப்போதும் சிவப்பு. அக்காவின் வாய்ச் சிவப்பை நான் பார்த்துவிடுவேனே என்று அவருக்கு உடம்பு கூசியிருக்கிறது. மூன்றாம் தடவையும் கழுவினார், நான்காம் தடவையும் கழுவினார். கண்ணாடி போல வந்த பிறகுதான் என் மேசையில் வைத்தார். இதெல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நான் அளவுகள் எடுத்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தொகுதி எனக்குத் தலைவலியாக இருந்தது. நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, தேடின புரதம் யாரிடமும் ஒழுங்காக அகப்படவில்லை. பாதிக் குழாய்களில் எச்சிலின் மிச்சசொச்சம் கலந்து கிடந்தது. நாற்பத்தொன்று மட்டும் அவ்வளவு அழகாக இருந்தது. ஜெயராணியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்பத்தொன்று எப்படி என்று கேட்டார். எத்தனையோ குழாய் இருக்க இதை மட்டும் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்றாகக் கழுவியதற்குப் பாராட்டு வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்ல சுத்தம் அக்கா. ஒண்டுமே இல்ல" என்றேன்.

எங்கள் தொழிலில் சுத்தம் என்றால் வேறு எதுவும் கலக்காத குமிழ் என்று அர்த்தம். அவர் காதில் அது அக்காவின் வாய் சுத்தம் என்று விழுந்தது. அவர் சட்டென்று கதிரையில் உட்கார்ந்தார். கண் கலங்கியதைப் பார்த்தேன். பாராட்டினால் அழுகிற மனுசி என்று நினைத்து, அன்று அவருக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஹுன்னஸ்கிரியவில் அந்தக் கடிதம் அடுப்புக்குப் போனது.

ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதமும் எங்கள் ஆய்வுக்கு நல்ல காலம். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. இவ்வளவு கழுவியும் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று நதா யோசித்து யோசித்து, கழுவுவதே பிழையாக இருக்குமோ என்ற இடத்துக்கு வந்தார். வேகமாகச் சுழற்றாமல், நுண்ணிய மணிகள் நிரப்பிய நீளக் குழாய் வழியாக எச்சிலை மெதுவாக இறங்க விட்டுப் பார்த்தோம். குமிழ்கள் தங்கள் படங்கோடு வெளியே வந்தன. படங்கு கழன்ற குமிழ்களைத் தட்டில் வளரும் கலங்களின் மேல் விட்டால் கலங்கள் சும்மா கிடந்தன. படங்கோடு விட்டபோது அதே கலங்கள் இரத்தக் குழாய் கிளை விடுவது போல நீண்டு ஒன்றோடு ஒன்று கைகோத்தன. அப்படியென்றால் கட்டி தனக்கு இரத்தம் கேட்டு அனுப்பும் செய்தி, குமிழின் வெளியே ஒட்டியிருக்கிற புரதங்களில் இருக்கிறது. நாங்கள் இரண்டு வருடமாக அந்தச் செய்தியைத்தான் தொட்டியில் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

குளிர்பெட்டியில் இருந்த மற்றப் பாதிகளை எல்லாம் வெளியே எடுத்துப் புது முறையில் திரும்பப் பார்த்தோம். முதன்முறையாக நோயாளிகளும் நோயில்லாதவர்களும் தேடின புரதத்தின் அளவைக் குறித்த வரைபடத்தில் பிரிந்து நின்றார்கள். நதா பிள்ளை மாதிரி கை தட்டினார். எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே, தனியாக, எட்டாத உயரத்தில் ஒரு புள்ளி நின்றது. நாற்பத்தொன்று.

நான் அதை நோயாளிகள் பக்கத்தில் சேர்க்கப் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அங்கே 'வரவில்லை' என்று இருந்தது. ஆள் வராமல் எச்சில் எப்படி வந்தது? குழாயில் எழுத்து ஜெயராணியக்காவுடையது. தொட்டியடியில் நின்றவரிடம் போய், சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். எங்கள் ஆய்வுக்கே இதுதான் பெரிய ஆதாரம், இது யாருடையது என்று தெரிந்தால் நல்லது என்றேன். இந்தப் புரதம் கூடினால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். சொன்னேன். குழாய்நீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூடவில்லை.

"அது எங்கக்கா மிஸ்" என்றார். பிறகு, "நீங்கதானே மிஸ் சுத்தம்னு சொன்னீங்க" என்றார்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. எங்கோ ஒரு கணக்குப் பிழைத்திருக்கிறது, மிஸ் திருத்திவிடுவார் என்று நம்பிக் கேட்கிற குரல். அதுதான் என்னை இன்றைக்கும் விடவில்லை. அவர் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே இருவரும் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினோம். பஸ் திகனயைக் கடக்கும்போது அவர், நாலு தடவை கழுவாமல் முறைப்படி இரண்டு தடவை கழுவியிருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரிந்திருக்காது, அந்த முறையில் யாருடையதும் தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மை. பிறகும் பல தடவை அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், பல தடவை அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை.

மூக்காயி நிறுவை முடிந்து படங்கோடு வந்தார். தங்கச்சி கிழமை நடுவில் வந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார், சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் திறந்தது. இரண்டு மாதமாகக் கஞ்சிதான் குடிக்கிறாராம். தங்கச்சி வரும் நாட்களில் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு பல்வலி என்று சொல்லியிருக்கிறார். நான் டொக்டர் இல்லை, ஆனாலும் அவர் வாயைத் திறந்தபோது பார்த்தேன். திட்டு இருந்த இடம் புண்ணாகி விளிம்பு தடித்து நின்றது. நாக்கை வெளியே நீட்ட முடியவில்லை.

"தங்கச்சிதான் சுத்தம்னு சொல்லிட்டாளே. அப்புறம் எதுக்கு மிஸ் நீங்க இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார்.

ஜெயராணியக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். அவரால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"நான் செல்லினது பிழ அக்கா" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படங்கை அவிழ்த்து வாசல் கம்பியில் போட்டுவிட்டு, உள்ளே போய் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அடுத்த நாள் காலையில் ஒரு வார்த்தை மறுக்காமல் எங்களோடு கண்டிக்கு வந்தார். தங்கச்சி இருக்கிறது என்று சொன்னால் வருகிறேன் என்று சொன்னவர், தங்கச்சி வாய் திறக்காமலே சொன்னபடி வந்தார்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் மரியாதையான மனுசர். ஏழு மாதத்துக்கு முன்பு வந்திருந்தால் சின்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கடைசியாக எப்போது யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் பேனையைக் கொஞ்ச நேரம் எழுதாமல் வைத்திருந்தார். கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள், நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்தில் பரவியிருந்ததையும் எடுத்தார்கள், முழுதும் எடுக்க முடியவில்லை. பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். ஜெயராணியக்கா லீவு எடுத்துப் பெரியாஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தார். அந்தக் குழாயையும் அவர்தான் கழுவினார்.

நதாவுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு உமக்குச் சொல்லாமல் விட்டதும் நான்தானே என்று மட்டும் சொன்னார். பிறகு கொழும்பில் வாசிக்க வேண்டிய கட்டுரையில் இருந்து நாற்பத்தொன்றை எடுத்துவிடச் சொன்னார். சம்மதக் கையெழுத்து இல்லாத ஒருவரின் எச்சிலை ஆய்வில் சேர்க்க முடியாது. விதி அது, சரியான விதியும்கூட. உயரத்தில் நின்ற புள்ளியை நானே அழித்தேன். ஒரு விரல் அழுத்தினால் போதும், போய்விட்டது.

இதைக் கேள்விப்பட்டு மூன்று நாள் கழித்து ஜெயராணியக்கா ஒரு படிவத்தோடு வந்தார். மூக்காயி கட்டிலில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் நின்றன, ஆனாலும் முழுப் பெயரும் இருந்தது. தன்னுடையதையும் அந்தப் படத்தில் போடச் சொல்லி அக்கா சைகையில் கேட்டாராம். ஒருவருக்காவது பிரயோசனப்படட்டும் என்றாராம். நதா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

"கையெழுத்து முதல் வாங்கியிருக்க வேணும், ஜெயராணி. இப்ப வாங்கி அதைப் பாவிச்சால் உம்மட அக்காவுக்கு நாங்கள் இரண்டாம் தரமும் பிழை செய்த மாதிரி" என்றார்.

ஜெயராணியக்கா தலையாட்டினார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் புரிந்தது, அதனால் பிரயோசனம் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமையே மேலிடத்தில் இருந்து அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டியலில் இல்லாத மாதிரியைக் கலந்தது, முறையை மீறி நான்கு தடவை கழுவியது என்று இரண்டு குற்றம். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. நான் சொன்ன அந்த இரண்டு சொல்லுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூக்காயி ஐந்து மாதம் இருந்தார். கடைசி மாதம் லயத்துக்கே கொண்டுபோனார்கள். பேச்சு போய்விட்டது. தங்கச்சி வந்தால் கையைப் பிடித்து அதன் மேல் தட்டிக்கொண்டே இருப்பாராம். கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை மிஸ் என்று ஜெயராணியக்கா ஒரு நாள் சொன்னார்.

செத்த செய்தி வந்த காலையில் நதாவும் நானும் ஹுன்னஸ்கிரியவுக்குப் போனோம். மழை தூறிக்கொண்டு இருந்தது. லயத்து வாசலில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது ஒவ்வொருவரும் குனிந்து தயங்கினார்கள். எங்கே போடுவது என்று தெரியாமல் உதட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஜெயராணியக்கா மட்டும் அரிசியை அக்காவின் கன்னத்தில் வைத்து, கை எடுக்காமல் சிறிது நேரம் நின்றார். அழவில்லை.

வாசல் கம்பியில் மூக்காயியின் படங்கு தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு என்னமோ ஆனது. போய்க் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இத யாரு கழுவச் சொன்னா?"

மூக்காயியின் மருமகள் சிந்துஜா கைக்குழந்தையோடு முன்னால் வந்தாள். பயந்துபோய்த்தான் பதில் சொன்னாள்.

"டவுன்ல இருந்து மிஸ்மாரு வருவாங்கன்னு சொன்னீங்க சின்னத்தை. செம்மண்ணும் கறையுமா அழுக்காக் கெடந்துச்சு. அதான் ரெண்டு மூணு தடவ சோப்புப் போட்டு அலசினேன்."

அவளை ஏசுவதற்கு வாய் எடுத்த ஜெயராணியக்கா என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அந்த ஈரச் சாக்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பந்தல் காலடியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மடியில் கிடந்த படங்கின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தேன். மேல் மலைச் செம்மண் இல்லை, தேயிலைக் கறை இல்லை, வெற்றிலை பட்ட இடம்கூட இல்லை. நல்ல சுத்தம்.